மாமியின் வளையலும் மாம்பலம் வீடும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த பெரியவர்கள், மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார்கள். "பழைய வீட்டைப் பழுது பார்த்துப் பார்" என்பதுதான் அது. கல்யாணத்துக்காவது முகூர்த்த நாள் என்று ஒன்று உண்டு. அதோடு செலவு ஒருவாறு ஓய்ந்துவிடும். பழுது பார்க்கிற வேலைக்குத் தொடங்கும் நாள்தான் தெரியும், முடியும் நாள் தெரியாது. அதிலும் அது நாம் குடியிருக்கப் போகிற வீடாக இல்லாமல், வாடகைக்கு விடப் போகிற வீடாக இருந்துவிட்டாலோ, போடுகிற பணம் திரும்பி வருமா என்ற கவலையும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

எங்கள் எதிர்வீட்டு மாமிக்கு அந்தக் கவலை வந்தது. மாமா உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் மேற்கு மாம்பலத்தில் ஒரு சிறிய அடுக்குமாடி வீடு வாங்கிப் போட்டிருந்தார். இரண்டாவது மாடி, 650 சதுர அடி, கட்டி நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. மாமா காலமான பிறகு குடும்ப ஓய்வூதியமும், அந்த வீட்டு வாடகை மாதம் 15,000 ரூபாயும்தான் மாமிக்கு ஜீவனம். மருந்து, மளிகை, பேத்திக்குப் பிறந்த நாள் கவுன் எல்லாம் அதிலிருந்துதான்.

ஒரு ஐப்பசி மாத மழையில் அந்த வீட்டுச் சமையலறைக் கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. நல்ல வேளை, அப்போது அங்கே யாரும் இல்லை. குடித்தனக்காரர்கள் கைக்குழந்தை உள்ளவர்கள். பங்குனி முடிவதற்குள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வீடு காலி, வாடகை நின்றுவிட்டது.

தெரிந்தவர்கள் மூலம் ஒரு காண்டிராக்டர் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, பளபளக்கும் காகிதத்தில் ஓர் எஸ்டிமேட் கொடுத்தார். மாமி அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஏண்டி அம்மா, நீதான் கணக்குப் புலியாச்சே! இதைக் கொஞ்சம் பாரேன். பாங்கிலே நாலு லட்சம் டெபாசிட் முதிர்ந்திருக்கு. பாக்கிக்கு இந்த வளையலை அடகு வைக்கலாமான்னு பார்க்கிறேன்" என்றாள். அவள் கையில் இருந்தவை நான்கு வளையல்கள். அவற்றை அவள் கழற்றி நான் பார்த்ததே இல்லை.

எஸ்டிமேட்டில் இருந்தது இது: மாடுலர் கிச்சன் 1,80,000, விளக்குகளோடு ஃபால்ஸ் சீலிங் 95,000, பழைய மொசைக் தரையைப் பெயர்த்துவிட்டுப் புது டைல்ஸ் 1,45,000, பெயிண்ட் 70,000, குளியலறையைப் புதுப்பிக்க 1,10,000, சில்லறைச் செலவு 40,000. ஆக மொத்தம் 6,40,000 ரூபாய்.

படித்து முடித்ததும் எனக்கு ஒரு சந்தேகம். "மாமி, கூரை ஏன் பெயர்ந்து விழுந்ததென்று இதில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"அதை மறைக்கத்தானே அந்த சீலிங்?" என்றாள் மாமி.

முதல் கணக்கு: வாடகை எவ்வளவு ஏறும்?

சகோதரிகளே, நாம் குடியிருக்கும் வீட்டுக்கு ஆசையிலிருந்து கணக்குத் தொடங்கலாம். தப்பில்லை. வாடகை வீட்டுக்கு மட்டும் வாடகையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நானும் மாமியும் அந்தத் தெருவிலேயே இரண்டு தரகர்களையும், வீடு விட்டிருக்கும் இரண்டு பேரையும் விசாரித்தோம். ஒழுகாமல், சுத்தமாக, புதிதாக வர்ணம் பூசி இருந்தால் 17,000 வரும். காண்டிராக்டர் சொன்ன அலங்காரம் அத்தனையும் செய்தால் 19,000 வரலாம் என்று தெரிந்தது.

இனிக் கணக்கைப் பாருங்கள். 15,000 வாடகை 19,000 ஆனால் மாதம் 4,000 அதிகம், வருஷத்துக்கு 48,000. போட்ட 6,40,000 திரும்பி வரப் பதின்மூன்று வருஷமும் நாலு மாதமும் ஆகும்! அதற்குள் இரண்டு தடவையாவது மறுபடி வர்ணம் பூச வேண்டியிருக்கும். அதே பணம் நூற்றுக்கு 6 ரூபாய் வட்டியில் பாங்கில் இருந்தால் வருஷத்துக்கு 38,400 வரும். முதலும் முழுசாக இருக்கும். ஆக, அத்தனை பாடுபட்டு மாமிக்கு மிஞ்சுவது வருஷத்துக்கு 9,600 ரூபாய். அதிலும் ஒரு பகுதி அடகுக் கடன் என்றால், அந்த வட்டிக்கே அது போதாது.

மாமி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படின்னா ஒண்ணுமே செய்ய வேண்டாமா?" என்று கேட்டாள்.

செய்யத்தான் வேண்டும். எதை என்பதுதான் கேள்வி.

மூன்று பட்டியல்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று தலைப்புப் போட்டோம். செய்யாவிட்டால் வீடே கெடும், அல்லது குடியிருப்பவருக்கு ஆபத்து என்பவை முதல் பட்டியல். வாடகையைக் கூட்டுபவை இரண்டாவது. கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான் என்பவை மூன்றாவது.

முதல் பட்டியலில் வருவதற்கு வாடகை உயருமா என்று பார்க்கக் கூடாது. இருக்கிற 15,000 ரூபாய் நிற்காமல் வருவதற்கான விலை அது. இரண்டாவது பட்டியலில் வருவது ஐந்து வருஷத்துக்குள் தன் விலையைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். மூன்றாவது பட்டியலை எழுதி, அதன் மேல் ஒரு கோடு போட்டோம்.

கூரை பெயர்ந்த காரணத்தை அறிய, அனுபவமுள்ள ஓர் எஞ்சினீயரை ஒரு தடவைக் கட்டணம் கொடுத்து அழைத்துப் போனோம். மொட்டை மாடியில் தளவரிசை ஓடுகள் விரிசல் விட்டிருந்தன. அதன் வழியே இறங்கிய மழை நீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைத்திருக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை வெடிக்கச் செய்யும். அதுதான் பாளம் பாளமாக விழுகிறது. இதன் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? துரு வேலையைத் தொடர்ந்திருக்கும். நம் கண்ணுக்குத்தான் தெரியாமல் போயிருக்கும். என்றைக்காவது அடுத்த பாளம் சீலிங்கையும் சேர்த்துக்கொண்டு விழுந்திருக்கும், யார் தலையில் என்று சொல்ல முடியாது.

"அந்தக் குழந்தை அங்கேதான் தவழ்ந்துண்டிருக்கும்" என்றாள் மாமி மெல்லிய குரலில். காண்டிராக்டரின் காகிதத்தை அவள் அப்புறம் எடுக்கவே இல்லை.

மாடி யாருடையது?

அடுக்குமாடியில் வீடு வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். மொட்டை மாடிச் செலவு முழுவதும் தன் தலையில்தான் என்று மாமி நினைத்திருந்தாள். பத்திரத்தை எடுத்துப் படித்தோம். மாடி ஆறு வீட்டுக்கும் பொது என்று தெளிவாக இருந்தது. சுமார் 1,500 சதுர அடிக்குப் புதிதாகத் தளவரிசை போட 1,80,000 ரூபாய் கேட்டார்கள். ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 30,000.

கீழ் வீட்டுக்காரர், "எங்கள் வீட்டில் ஒழுகவில்லையே!" என்றார். "கீழே தண்ணீர் மோட்டார் கெட்டபோது நாங்களும்தானே கொடுத்தோம்?" என்று மாமி கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். செலவு செய்வதற்கு முன் பத்திரத்தை ஒரு தடவை படித்ததில் மிச்சமானது ஒன்றரை லட்சம்!

மாமியின் வரவு செலவுத் திட்டம்

கடைசியில் நோட்டில் ஏறிய கணக்கு இது. விலைவாசி ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். நீங்கள் பார்க்க வேண்டியது இதன் அமைப்பைத்தான்.

முதல் பட்டியல்: மாடித் தளவரிசைப் பங்கு 30,000, கூரையில் துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு பூசி, கான்கிரீட்டைச் சரி செய்ய 25,000, குளியலறையில் பழைய இரும்புக் குழாய்களை மாற்றி, நீர் கசியாதபடி தரை போட்டு, வழுக்காத டைல்ஸ் பதிக்க 70,000, மின்சார வயரிங், எர்த் இணைப்பு, ஏ.சி.க்குத் தனி லைன், மின்சாரம் கசிந்தால் தானே அணைகிற 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு ஸ்விட்ச் ஆகியவற்றுக்கு 55,000. கூட்டினால் 1,80,000.

இரண்டாவது பட்டியல்: சமையல் மேடைக்குக் கிரானைட், எவர்சில்வர் தொட்டி, கதவு வைத்த அலமாரி, புகை போகும் விசிறி 45,000, வர்ணம் 45,000, மொசைக் தரைக்கு மெருகு 16,000, ஜன்னல்களுக்குக் கொசுவலை 9,000. கூட்டினால் 1,15,000. இதனால் வாடகை 2,000 உயர்ந்தால் வருஷத்துக்கு 24,000; ஐந்து வருஷத்துக்குள் பணம் திரும்பிவிடும்.

தரையைப் பாருங்கள். பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட்டால் 1,45,000. மெருகு போட்டால் 16,000. அந்தக் காலத்து மொசைக் நல்ல சரக்கு. மெருகு போட்ட பிறகு முகம் தெரிந்தது!

ஆக, இரண்டு பட்டியலும் சேர்ந்து 2,95,000. பெரும்பாலோர் இத்தோடு கோடு போட்டுவிடுவார்கள். அங்கேதான் வினை. எஸ்டிமேட்டில் எழுதாத செலவுகள் மூன்று உண்டு.

ஒன்று, ஏற்றுக்கூலியும் இறக்குகூலியும். லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடிக்கு ஒரு மூட்டை சிமென்ட் தானாக ஏறி வராது. உடைத்த இடிபாட்டையும் கீழே இறக்கி வண்டியில் அனுப்ப வேண்டும். தெருவில் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடும். இதற்கு 12,000.

இரண்டு, காலியாக இருக்கும் மாதங்கள். இரண்டு மாத வாடகை 30,000 போயிற்று. அடுக்குமாடிச் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய 3,000 மட்டும் போகாது. ஆக 33,000.

மூன்று, எதிர்பாராத செலவு. பழைய வீட்டில் சுவரைத் தொட்டால் என்ன வருமென்று பிரம்மாவுக்குத்தான் தெரியும். வேலையின் மதிப்பில் நூற்றுக்குச் சுமார் 15 வீதம் 45,000 ரூபாயைத் தனியாக வைத்தோம்.

மொத்தம் 3,85,000. மாமியின் நாலு லட்சத்துக்குள் அடங்கிவிட்டது. வளையல்கள் கையிலேயே இருந்தன.

பணத்தை எப்போது கொடுப்பது?

வேலையை மொத்தமாக ஒருவரிடம் விடாமல், மேஸ்திரி, குழாய்க்காரர், மின்சாரக்காரர் என்று தனித்தனியாகப் பேசினோம். ஒவ்வொருவரிடமும் வேலையின் விவரம், சாமானின் தரம், முடிக்கும் தேதி மூன்றையும் காகிதத்தில் எழுதி வாங்கினோம். முன்பணம் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான். பிறகு வேலை முடிய முடியப் பணம். கடைசிப் பத்தில் ஒரு பங்கைச் சோதனைக்குப் பிறகு என்று நிறுத்தி வைத்தோம்.

சோதனை ரொம்பச் சுலபம். குளியலறைச் சாக்கடை வாயை அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுவிட்டுக் கீழ் வீட்டுக் கூரையைப் போய்ப் பார்க்க வேண்டும். ஈரம் இல்லையென்றால் பணம்.

டைல்ஸ் வாங்கும்போது அளவுக்கு மேல் நூற்றுக்குப் பத்து வாங்குங்கள். உதாரணமாக, பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி. வாங்க வேண்டியது 132. பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் தொகுதி எண் எல்லாம் ஒன்றுதானா என்று பாருங்கள். எண் மாறினால் நிறமும் சிறிது மாறும். நாலைந்தைப் பரண் மேல் போட்டு வையுங்கள். பத்து வருஷம் கழித்து ஒன்று உடைந்தால் அதே மாதிரி கடையில் கிடைக்காது.

நாங்கள் எதிர்பாராததும் வந்தது. குளியலறைத் தரையைத் தோண்டியபோது கீழே போகிற கழிவு நீர்க் குழாய் நெடுக விரிசல் விட்டிருந்தது. மாற்றுவதற்கு 28,000. முன்பானால் மாமிக்கு மயக்கமே வந்திருக்கும். இப்போது நோட்டைத் திறந்து, 45,000 என்று எழுதியிருந்த இடத்தில் 17,000 என்று திருத்தினாள். அவ்வளவுதான்.

ஆடிக்கு முன்னால்

பஞ்சாங்கத்தையும் வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் குடி போகத் தயங்குகிறவர்கள் அதிகம். சிலர் புரட்டாசியும் பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் வீடு தேடுகிறவர்கள் ஏராளம். ஆகவே சித்திரையில் தொடங்கி ஆனிக்குள் முடித்துவிட்டால் நல்லது. வேலை பத்து நாள் பிந்தி ஆடி பிறந்துவிட்டால், வீடு மேலும் ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். மாடி வேலையும் கோடையில்தான் காயும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும்.

மாமி ஒரு நாளும் தவறாமல் காலை பத்து மணிக்கு அங்கே போய் உட்கார்ந்தாள். கையில் மோர்ச் சொம்பு, மடியில் நோட்டு. கொத்தனாரும் சித்தாளும் அவளுக்காகவே சீக்கிரம் வந்தார்கள் என்று நினைக்கிறேன், மோருக்காகவும் இருக்கலாம்.

அட்வான்ஸ் நம் பணம் அல்ல

"வரப் போகிறவர்களிடம் பத்து மாத அட்வான்ஸ் வாங்கி அந்தப் பணத்திலேயே வேலையை முடித்துவிடேன்" என்று மாமிக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. இது பெரிய பொறி. அட்வான்ஸ் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். அதைச் சுவரில் பூசிவிட்டால் குடித்தனக்காரர் போகும்போது சுவரைச் சுரண்டியா கொடுப்பது?

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு இயற்றி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். யார் எதைப் பழுது பார்ப்பது என்பதையும் சட்டம் பிரித்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லையென்றால் கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுதல், வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆகவே வாடகையில் மாதம் ஒரு சிறு தொகையைப் பழுதுக்கென்றே ஒதுக்குவது புத்திசாலித்தனம். மாமி 1,500 ஒதுக்குகிறாள்.

வருமான வரி கட்டுகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வருஷ வாடகை 2,04,000 என்றும், கட்டிய சொத்து வரி 4,000 என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 2,00,000-இல் நூற்றுக்கு 30 வீதம், அதாவது 60,000 ரூபாய், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கழித்துக்கொள்ளலாம். நாலு லட்சம் செலவழித்தேன் என்பதற்காக அதற்கு மேல் பழுதுச் செலவென்று கழிவு கிடையாது. "வரியில் மிச்சமாகும்" என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். ஆனாலும் பெரிய வேலைகளின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டின் மதிப்பை நிரந்தரமாகக் கூட்டிய செலவு, பின்னால் வீட்டை விற்கும்போது லாபக் கணக்கில் உதவும்.

யார் வந்தார்கள்?

ஆனி மாதக் கடைசி வாரத்தில் ஒரு பெண் வீடு பார்க்க வந்தாள். பள்ளி ஆசிரியை. கையில் ஐந்து வயதுப் பையன். சுவரின் வர்ணத்தை அவள் பார்க்கவே இல்லை. நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். "கோடையில் தண்ணீர் வருமா?" என்று கேட்டாள். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த சென்னைப் பெண் வேறு என்ன கேட்பாள்? பிறகு சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தாள், புகை விசிறியைப் போட்டாள், அலமாரிக் கதவை இரண்டு தடவை திறந்து மூடினாள். பையன் மொசைக் தரையில் சறுக்கிக்கொண்டிருந்தான்.

நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். "இங்கே சரி பண்ணின அடையாளம் தெரியறதே, ஏதாவது பிரச்னையா?" என்றாள்.

மாமி எதையும் மறைக்கவில்லை. பாளம் விழுந்ததையும், காரணம் இன்னதென்று கண்டுபிடித்து மாடியிலிருந்தே சரி செய்ததையும் சொல்லி, நோட்டை எடுத்துக் காட்டினாள். அந்தப் பெண் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். 17,000 ரூபாய்க்கு ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மாமி சொன்னாள்: "மாடுலர் கிச்சன்னு அந்தக் காண்டிராக்டர் சொன்னப்போ எனக்கும் ஆசையாத்தாண்டி இருந்தது. முப்பது வருஷம் நான் சமைச்சது புகை போக வழியில்லாத இருட்டு உள்ளிலே. அதான் வரவளுக்காவது நன்னாயிருக்கட்டுமேன்னு நினைச்சேன்."

"இப்போதும் நன்றாகத்தானே இருக்கிறது, மாமி? புகை போகிறது, வெளிச்சம் வருகிறது, தலையில் எதுவும் விழாது" என்றேன்.

"ஆமாம்" என்றாள் மாமி. வளையல்களைச் சற்று மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, மடியிலிருந்த நோட்டைத் திறந்தாள். கடைசிப் பக்கத்தில், 'ஆடி முதல் வாடகை 17,000. பழுதுக்கு ஒதுக்கியது 1,500' என்று முதல் வரியை எழுதினாள்.

உங்களுக்கும் வாடகைக்கு விட ஒரு பழைய வீடு இருந்தால், மேஸ்திரியை அழைப்பதற்கு முன்னால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவிடுங்கள். செலவிலேயே மலிவான செலவு அதுதான்.